ஓசூரிலிருந்து பந்தயத் தடத்துக்கு: பழைய பாணி ஒற்றை இருக்கைக் காரில் ஒன்-மேக் பந்தயம் ஓட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரே வடிவமைப்பில் கட்டி, ஒரே வகை எஞ்சினையும் ஒரே வகை டயரையும் பூட்டிய கார்களை மட்டுமே களத்தில் இறக்குவது ஒன்-மேக் பந்தயம். அதிலும், சக்கரங்கள் வெளியே தெரிய, இறக்கை எதுவும் இல்லாமல், குறுகலான டயர்களோடு, 1950களிலும் 60களிலும் ஓடிய கிராண்ட் பிரீ கார்களின் சாயலில் அமைந்த ஒற்றை இருக்கைக் கார்களுக்கென்று உலகெங்கும் தனிக் கூட்டமே உண்டு. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தில் லேத், மில்லிங், வெல்டிங் என்று இரும்போடு புழங்குகிறவர்கள் ஏராளம். வேலைக்கும் போய்க்கொண்டு, ஓய்வு நாளில் பந்தயமும் ஓட்ட வேண்டும் என்ற ஆசை அவர்களில் பலருக்கு இருந்தாலும், எங்கே தொடங்குவது என்பதில்தான் தடுமாற்றம். அவர்களை மனத்தில் வைத்தே இது எழுதப்படுகிறது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த வகைப் பந்தயத்தில் காசு கொடுத்து வேகத்தை வாங்க முடியாது. எஞ்சினுக்கு முத்திரை வைத்திருப்பார்கள். டயர் எல்லாருக்கும் ஒன்றே. மாற்றக்கூடிய பாகம் எது, மாற்றக்கூடாத பாகம் எது என்பதை விதிப் புத்தகம் வரையறுத்திருக்கும். ஆகவே, கையில் இருக்கும் பணம் தடத்தில் ஓட்டும் நேரத்துக்கும், காரைத் தளர்வின்றி வைத்திருப்பதற்கும், ஓட்டுநரின் பாதுகாப்புக்கும்தான் போக வேண்டும். எஞ்சினைத் திறந்து பார்க்கும் ஆசை நம் ஊர்க்காரர்களுக்குச் சற்று அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எந்தக் கார், எந்த வழி

இவ்வகைப் பந்தயத்தின் மூல வடிவங்களில் ஒன்று ஃபார்முலா வீ. ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் 1,200 சிசி எஞ்சின், கியர்பாக்ஸ், முன் அச்சு ஆகியவற்றை எடுத்து, இரும்புக் குழாய்ச் சட்டத்தில் பூட்டி, மலிவாகப் பந்தயம் ஓட்டுவதே அதன் நோக்கம். 1963-இல் அமெரிக்காவின் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் அதை முறையான பிரிவாக ஏற்றுக்கொண்டது. பின்னாளில் உலகச் சாம்பியன்களான எமர்சன் ஃபிட்டிபால்டி, நிக்கி லாடா, கேகே ரோஸ்பெர்க் ஆகியோர் இந்த எளிய கார்களை ஓட்டி வளர்ந்தவர்கள். 1967-இல் பிரிட்டனில் ஃபார்முலா ஃபோர்டு வந்தது. அண்மைக் காலத்தில், மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் பாகங்களைக் கொண்டு, 1950-இன் முதல் உலகச் சாம்பியன்ஷிப்பை வென்ற ஆல்ஃபா ரோமியோ 158-இன் தோற்றத்தில் கட்டப்படும் டிப்போ 184 என்ற காரும் அங்கே தனிப் பந்தயமாக ஓடுகிறது.

நம் பக்கத்தில் இந்த மரபைத் தொடங்கி வைத்தவர் கோவையின் எஸ். கரிவரதன். மாருதி 800-இன் எஞ்சினைக் கொண்டு அவர் உருவாக்கிய ஃபார்முலா மாருதி கார்களில் ஒரு தலைமுறையே பந்தயம் பழகியது. நரேன் கார்த்திகேயனின் தொடக்கமும் அதில்தான். கரிவரதனின் பெயரைத் தாங்கியே கோவை செட்டிப்பாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வே நிற்கிறது. அந்த மரபின் இன்றைய வாரிசு, மாருதி சுசூகியின் 1,300 சிசி வகை எஞ்சினோடு ஓடும் எல்ஜிபி ஃபார்முலா 4. தோற்றத்தில் அது 1950களின் கார் அல்ல. ஆனால் எளிய குழாய்ச் சட்டம், அளவான சக்தி, எல்லாருக்கும் ஒரே இயந்திரம் என்று குணத்தில் அதே குடும்பம்தான்.

எனவே இரண்டு வழிகள் இருக்கின்றன. முதலாவது, ஏற்கெனவே கார் வைத்திருக்கும் ஓர் அணியிடம் வாடகைக்கு இருக்கை பெற்று எல்ஜிபி ஃபார்முலா 4 ஓட்டுவது. இரண்டாவது, பழைய பாணிக் காரைச் சொந்தமாகக் கட்டி, தடத்தை வாடகைக்கு எடுக்கும் பயிற்சி நாட்களில் நண்பர்களோடு ஓட்டுவது. என் தீர்ப்பு தெளிவானது: முதல் ஆண்டு வாடகைக்கே ஓட்டுங்கள். சொந்தக் கார் கட்டத் தொடங்குகிறவர்களில் பலர், இரண்டு ஆண்டு வெல்டிங் செய்துவிட்டு ஒரு சுற்றுகூட ஓட்டாமல் இருப்பார்கள். மேலும், ஒன்-மேக் பிரிவில் நீங்கள் கட்டிய கார் நுழைய முடியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

சொந்தமாகக் கட்டியே தீருவது என்று முடிவெடுத்தால், ஒரே ஒரு விஷயத்தில் பழைமையை விட்டுவிடுங்கள். 1950களின் கார்களில் ஓட்டுநரின் தலைக்குப் பின்னால், கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் உருள்பாதுகாப்பு வளைவு கிடையாது. உங்கள் காரில் அது கட்டாயம் இருக்க வேண்டும். ஹெல்மெட் அணிந்து, பெல்ட் இறுக்கி அமர்ந்த நிலையில், வளைவின் உச்சி ஹெல்மெட்டைவிடக் குறைந்தது 5 செ.மீ. உயரமாக இருப்பதும், அந்த உச்சியிலிருந்து ஸ்டீயரிங்குக்கு முன்னுள்ள வளைவுக்கு ஒரு நூல் பிடித்தால் அது ஹெல்மெட்டைத் தொடாமல் போவதும் அடிப்படைச் சோதனை. பதிவு செய்யாத காரைப் பொதுச் சாலையில் ஓட்டுவது சட்டப்படி குற்றம். ஞாயிறு காலையில் சிப்காட் சாலைகள் காலியாகக் கிடக்கும் என்பது உண்மைதான். அந்தச் சாலையில் முதல் ஷிப்டுக்கு மொபெட்டில் வருகிறவருக்கு, தரையோடு தரையாக வரும் உங்கள் கார் கண்ணில் படாது என்பதும் உண்மை.

உரிமமும் உடுப்பும்

இந்தியாவில் கார் பந்தயத்துக்கு உரிமம் வழங்கும் அமைப்பு எஃப்எம்எஸ்சிஐ. மருத்துவச் சான்று, இரத்த வகை, அடையாள ஆவணம் ஆகியவற்றோடு விண்ணப்பிக்க வேண்டும். புதியவர்கள் அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளி ஒன்றில் வகுப்பும் தடப் பயிற்சியும் முடித்துவிட்டு விண்ணப்பிப்பதே நல்லது. வயது வரம்பும் கட்டணமும் ஆண்டுதோறும் மாறக்கூடியவை என்பதால், அந்தந்த ஆண்டின் விதிப் புத்தகத்தைப் பதிவிறக்கி, பணம் கட்டுவதற்கு முன்பே ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். பயிற்சிப் பள்ளிக்குப் போகுமுன் சில மாதங்கள் பெங்களூரின் கார்ட்டிங் தடங்களில் ஓட்டிப் பழகுவது, ஓசூர்க்காரர்களுக்கு மட்டும் வாய்த்த வசதி. அதைத் தவற விடக்கூடாது.

உடுப்பைப் பொறுத்தவரை சிக்கனம் வேண்டாம். ஹெல்மெட், உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் 8859-2015 தரத்திலோ ஸ்னெல் எஸ்ஏ தரத்திலோ இருக்க வேண்டும். இருசக்கர வண்டிக்கான ஸ்னெல் எம் தர ஹெல்மெட்டின் உட்புறத்துக்குத் தீயைத் தாங்கும் சோதனை கிடையாது. கழுத்தைக் காக்கும் கருவிக்கு 8858-2010, தீத்தடுப்பு உடைக்கு 8856-2018 என்று எண்களைப் பார்த்து வாங்குங்கள். பழைய தர எண் கொண்ட உடை மலிவாகக் கிடைத்தால், அந்த ஆண்டு விதி அதை ஏற்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்கலாம். காலணியின் அடிப்பாகம் மெல்லியதாக, பக்கங்களில் புடைப்பு இல்லாததாக இருக்கட்டும். ஒற்றை இருக்கைக் காரில் மூன்று பெடல்களும் மிக நெருக்கமாக இருப்பதால், சாதாரண ஷூவின் விளிம்பு பிரேக்கோடு ஆக்சிலரேட்டரையும் சேர்த்து அழுத்திவிடும்.

இருக்கை: பலரும் அலட்சியப்படுத்தும் முதல் வேலை

உடல் அசையும் இருக்கையில் எவ்வளவு திறமையான ஓட்டுநரும் மெதுவாகவே ஓட்டுவார். ஏனெனில் வளைவில் உடலைத் தாங்க ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்குவார், அப்போது முன் டயர் சொல்லும் செய்தி கைக்கு வராது. வாடகைக் காராக இருந்தாலும், உங்கள் உடலுக்கென்று ஃபோம் இருக்கை ஒன்றை வார்த்துக்கொள்ளுங்கள்.

முறை இதுதான். கனமான பெரிய பிளாஸ்டிக் பைகள் இரண்டை எடுத்து, ஒன்றுக்குள் ஒன்றாக நுழைத்து, காரின் உட்கூட்டில் விரிக்க வேண்டும். சட்டத்தின் குழாய்களையும் கியர் கம்பியையும் எரிபொருள் குழாயையும் டேப் ஒட்டி மூடிய பிறகு, பந்தய உடையும் காலணியும் அணிந்து உள்ளே அமருங்கள். ஸ்டீயரிங்கின் உச்சியில் மணிக்கட்டு படும்படியும், பிரேக்கை முழு வலுவோடு மிதித்தாலும் முழங்கால் முற்றிலும் நீளாதபடியும் நிலையைச் சரிசெய்து, பின்பக்கத்துக்கு அடியில் மெல்லிய பலகைத் துண்டு வைத்து உயரத்தை நிறுத்துங்கள். அதன் பின் உதவியாளர் இருவகைத் திரவங்களைச் சம அளவில் கலந்து பைக்குள் ஊற்றுவார். சில நொடிகளில் அது வெதுவெதுப்பாகப் பொங்கி, இடுப்பையும் விலாவையும் நெருக்கிக்கொண்டு மேலேறும். அந்தச் சமயத்தில் அசையாமல், மூச்சை வழக்கம்போல இழுத்துவிட்டுக்கொண்டு, பெல்ட் இறுக்கிய நிலையிலேயே இருக்க வேண்டும். ஒரே தடவையில் முழுவதையும் ஊற்றினால் தோள் பக்கம் பொங்கி வழிந்து, உங்களை முன்னே தள்ளிவிடும். முதலில் இடுப்புக்கும் கீழ் முதுகுக்கும், அது இறுகிய பின் விலாவுக்கும் தோளுக்கும் என்று இரண்டு தவணையாக ஊற்றுவதே சரி. இதன் ஆவி நுரையீரலுக்குக் கெடுதல் என்பதால் ஷட்டரை முழுக்கத் திறந்து வைத்துச் செய்யுங்கள். ஃபோம் எளிதில் தீப்பிடிக்கும். இறுகிய பிறகு ரம்பத்தால் அறுத்து ஒழுங்குபடுத்தி, தீத்தடுப்புத் துணியால் மூடிவிட வேண்டும்.

பட்டறையில் காரைத் தயார் செய்தல்

இங்கேதான் ஓசூருக்கு உண்மையான பலம் இருக்கிறது. மைக்ரோமீட்டரும் டயல் கேஜும் டார்க் ரெஞ்சும் அன்றாடம் கையாளுகிறவர்கள் ஊரில் நிறைந்திருக்கும்போது, காரின் நேர்த்தியில் அவர்களை வெல்வது எளிதல்ல.

சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், பிரேக் ஆகிய மூன்றிலும் உள்ள ஒவ்வொரு போல்ட்டையும் உரிய டார்க்கில் இறுக்கி, நட்டின் மீதும் பக்கத்துத் தட்டின் மீதும் சேர்ந்தாற்போல் பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். ஓட்டி முடித்து வந்ததும் ஸ்பேனர் எடுக்காமலே, கோடு விலகிய நட்டுகள் எவை என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். மஞ்சள் கோடு முதல் பயிற்சிக்கு, வெள்ளைக் கோடு அதற்கடுத்த பயிற்சிக்கு என்று நிறத்தை மாற்றினால், எந்த நட்டு திரும்பத் திரும்பத் தளர்கிறது என்பதும் புலப்படும். அப்படித் தளரும் நட்டை மேலும் பலமாக இறுக்குவது தீர்வல்ல. அந்தத் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கும், அல்லது பிராக்கெட்டில் விரிசல் விட்டிருக்கும். சஸ்பென்ஷன் கம்பிகளின் முனையில் உள்ள ரோஸ் ஜாயின்ட்டுகளை, சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி இரு கையாலும் அசைத்துப் பாருங்கள். லேசான டக் சத்தம் கேட்டாலே அதன் ஆயுள் முடிந்துவிட்டது. வெல்டிங் இணைப்புகளில் விரிசல் தேடும் ஊடுசாயத் திரவம் பல இயந்திரப் பட்டறைகளில் இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதைக் கொண்டு முழுச் சட்டத்தையும் சோதிக்க வேண்டும்.

அடுத்து, சக்கரங்களின் நேர்மை. காரின் இருபுறமும் நைலான் நூலை இணையாகக் கட்டி, ஒவ்வொரு சக்கர விளிம்பின் முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் நூலிலிருந்து உள்ள தூரத்தை ஸ்கேலால் அளந்தால் டோ, அதாவது சக்கரம் எவ்வளவு உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கிறது என்பது, தெரிந்துவிடும். இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. சமதளமான தரையும் பொறுமையும் போதும். நான்கு சக்கரங்களின் மீதும் விழும் எடையைத் தனித்தனியாக நிறுத்துப் பார்ப்பதும் முக்கியம். அப்போது ஓட்டுநர் முழு உடுப்போடு காருக்குள் அமர்ந்திருக்க வேண்டும், எரிபொருள் பாதியளவு இருக்க வேண்டும். முன் இடதும் பின் வலதும் சேர்ந்த எடையும், முன் வலதும் பின் இடதும் சேர்ந்த எடையும் ஏறத்தாழ ஒன்றாக வந்தால்தான், இடது வளைவிலும் வலது வளைவிலும் கார் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். முந்நூறு கிலோவுக்குச் சற்று மேலான எடையுள்ள எளிய காரில் ஓட்டுநரே மொத்த எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு என்பதை மறந்து, வெறும் காரை நிறுத்துப் பார்ப்பது வீண் வேலை.

ஓசூர் உயரமும் கடலோரக் காற்றும்

நம் பகுதிக்கே உரிய சிக்கல் இது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; சென்னைக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடமோ கிட்டத்தட்டக் கடல் மட்டத்தில். மேலே காற்றின் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைவு.

கார்புரேட்டர் உள்ள எஞ்சினை ஓசூரில் வைத்துக் கச்சிதமாக ட்யூன் செய்தால், கீழே இறங்கியதும் அடர்ந்த காற்று அதிகமாக உள்ளே போய், பெட்ரோல் விகிதம் குறைந்துவிடும். எஞ்சின் சூடேறி, உள்ளே தட்டும் சத்தம் எழும். நீண்ட நேர்பாதையில் முழு ஆக்சிலரேட்டரில் அது நீடித்தால் பிஸ்டன் ஓட்டையாகும். எனவே கார்புரேட்டரில் பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டுகளில் ஓரிரு அளவு பெரியவற்றைக் கையோடு கொண்டுபோய், தடத்தில் ஓடிய பின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கான் பகுதி காப்பிப் பொடி நிறத்தில் இருந்தால் நல்லது. சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தால் ஜெட்டைப் பெரிதாக்க வேண்டும். மின்னணு எரிபொருள் ஊசி கொண்ட கார்களில் சென்சாரே இதைச் சரிக்கட்டிக்கொள்ளும் என்பதால் அந்தக் கவலை இல்லை.

டயர் காற்றில் கவலை எல்லாருக்கும் உண்டு. ஓசூரில் அடித்த காற்றை இருங்காட்டுக்கோட்டையில் அளந்தால், வெளி அழுத்தம் கூடியதால் மட்டும் கேஜ் ஏறத்தாழ ஒன்றரை பிஎஸ்ஐ குறைத்துக் காட்டும். அங்கே வெயில் பத்துப் பன்னிரண்டு டிகிரி அதிகமாக இருந்தால், கிட்டத்தட்ட அதே அளவு கூட்டிக் காட்டும். இரண்டும் ஈடாகிவிடும் என்று நம்பி விட்டுவிடக்கூடாது. இறங்கியதும் நிழலில் வைத்து, எப்போதும் ஒரே கேஜால் அளந்து, புதிதாக அமைக்க வேண்டும். வெயிலில் ஒருபக்கமாக நின்ற காரில் அந்தப் பக்க டயர்கள் மட்டும் கூடுதல் அழுத்தம் காட்டும் என்பதையும் கவனியுங்கள்.

ஏற்றிச் செல்லுதல்

சின்ன யானையில் இந்தக் கார் அடங்காது. 14 அடி ஈச்சர் சௌகரியமாக இருக்கும். வண்டியில் ஏற்றிய காரைப் பட்டையால் கட்டும்போது சஸ்பென்ஷன் கம்பிகளில் கொக்கியை மாட்டாதீர்கள். பட்டையைச் சக்கரங்களின் மேல் சுற்றி இறுக்கினால், கார் தன் ஸ்பிரிங்கில் ஆடினாலும் பட்டை தளராது. இருங்காட்டுக்கோட்டைக்கு வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாக நேரான நெடுஞ்சாலை இருப்பதால் பெரிய தொல்லை இல்லை. கோவைக்குப் போகிறவர்கள் தருமபுரி தாண்டியதும் தொப்பூர் கணவாய் இறங்க வேண்டும். அங்கே சுமை முன்பக்கம் சாயும் என்பதால், இறக்கம் தொடங்குமுன் ஓரமாக நிறுத்திப் பட்டைகளை மறுபடி ஒருமுறை இறுக்கிக்கொள்வது நல்லது.

தடத்தில்

இருங்காட்டுக்கோட்டைத் தடம் 3.7 கி.மீ. நீளம், கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கி.மீ. முதலாவதில் வேகமும் துணிவும் சோதிக்கப்படும், குறிப்பாக நேர்பாதையின் முடிவில் வரும் சி1 என்ற முதல் வலது வளைவில். இரண்டாவது தடத்தில் வளைவுகள் நெருக்கமாக இருப்பதால் மூச்சுவிட நேரம் இராது. புதியவர் கோவையில் தொடங்குவதே மேல் என்பது என் கருத்து. தவறுகளின் வேகம் அங்கே குறைவு.

காலையில் ஸ்க்ரூட்டினி எனப்படும் கார் சோதனை நடக்கும். பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச், தீயணைப்பான், பெல்ட்டின் காலாவதித் தேதி, பிரேக் விளக்கு, திரவக் கசிவு என்று பார்ப்பார்கள். அதன்பின் நடக்கும் ஓட்டுநர் கூட்டத்தில் கொடிகளைப் பற்றிச் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். மஞ்சள் ஆடினால் முந்தக்கூடாது, வேகத்தைக் குறைக்க வேண்டும். மஞ்சளில் சிவப்புக் கோடுகள் என்றால் தரை வழுக்கும். நீலம் என்றால் வேகமான கார் பின்னால் வருகிறது. கருப்பில் ஆரஞ்சு வட்டத்தை உங்கள் எண்ணோடு காட்டினால், காரில் கோளாறு, உடனே பிட்டுக்கு வர வேண்டும்.

குறுகலான டயரும் இறக்கையின்மையும் சேர்ந்த காரை ஓட்டும் விதம், நவீன ஃபார்முலா காரிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது. காரைத் தரையோடு அழுத்தும் காற்று விசை இல்லாததால், வேகம் கூடக் கூடப் பிடிப்பும் கூடும் என்ற எதிர்பார்ப்புக்கு இடமில்லை. டயர் நோக்கும் திசைக்கும் கார் நகரும் திசைக்கும் இடையே சிறு கோணம் விழுந்தபடியேதான் இந்தக் கார் வளைவைக் கடக்கும். அந்த மெல்லிய வழுக்கலை எதிர்த்துச் சண்டை போடாமல், ஆக்சிலரேட்டரால் அதைத் தாங்கிப் பிடிக்கப் பழக வேண்டும். பிரேக்கை நேராக இருக்கும்போதே முடித்து, வளைவின் உள்முனையைச் சற்றுத் தாமதமாகத் தொட்டு, வெளியேறும்போது முழு அகலத்தையும் பயன்படுத்துங்கள். சக்தி குறைந்த காரில் இழந்த வேகம் எளிதில் திரும்பாது. நூறு கி.மீ. வேகத்தில் போக வேண்டிய 300 மீட்டர் நேர்பாதையில் மூன்று கி.மீ. குறைந்தே போனால், அந்த ஓர் இடத்தில் மட்டும் ஒரு சுற்றுக்கு மூன்றில் ஒரு வினாடி போய்விடும்; பத்துச் சுற்றில் அது மூன்று வினாடிக்கு மேல்.

கியரைக் குறைக்கும்போது, பிரேக்கை மிதித்தபடியே பாதத்தின் ஓரத்தால் ஆக்சிலரேட்டரை ஒருமுறை தட்டி, எஞ்சின் சுழற்சியை உயர்த்திவிட்டே கிளட்ச்சை விட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் பின்சக்கரங்கள் ஒரு கணம் பூட்டிக்கொண்டு கார் சுழன்றுவிடும். எஞ்சின் அணைந்த காரில், பட்டறையிலேயே உட்கார்ந்து கால் தானாகச் செய்யும்வரை பழகலாம். செலவே இல்லாத பயிற்சி இது ஒன்றுதான்.

பந்தயத்தில் முன்னே போகும் காரின் பின்னால் ஒட்டிச் சென்றால் காற்றுத் தடை குறைந்து வேகம் கூடும். எல்லாக் காரும் ஒரே சக்தி கொண்டவை என்பதால், முந்துவதற்கு நம்பகமான வழி இதுவே. ஆனால் திறந்த சக்கரக் கார்களில் ஒருவரின் முன் சக்கரம் மற்றவரின் பின் சக்கரத்தில் ஏறினால், பின்னால் வரும் கார் காற்றில் எழும்பும். ஆகவே பக்கவாட்டில் ஒரு காரின் அகலம் இடம் விடுவதும், உங்கள் முன் சக்கரம் அவருடைய இருக்கைக்கு இணையாக வராதவரை வளைவின் உட்புறத்தில் நுழையாமல் இருப்பதும் எழுதாச் சட்டமாகக் கொள்ளுங்கள். முதல் பந்தயத்தில் முதல் வளைவைக் கடைசி ஆளாகக் கடந்தாலும் குறையில்லை.

ஊர் திரும்பிய பின்

காரைக் கழுவுவதே ஒரு சோதனை. சேறு போனால்தான் விரிசல் தெரியும். எஞ்சின் ஆயிலை வடித்து, காந்தத் துண்டால் துழாவி, இரும்புத் தூள் ஒட்டுகிறதா என்று பாருங்கள். பிரேக் திரவம் கொதித்திருந்தால் பெடல் மெதுமெதுவென்று இருக்கும். அதை முழுதாக மாற்ற வேண்டும். அன்றைய வெப்பநிலை, டயர் காற்று ஓடுமுன் எவ்வளவு, ஓடிய பின் எவ்வளவு, பயன்படுத்திய ஜெட் எண், தளர்ந்த நட்டுகள், சிறந்த சுற்று நேரம் ஆகியவற்றை ஒரு நோட்டில் அன்றிரவே எழுதிவிடுங்கள். கோவைக்கு ஒரு பக்கம், இருங்காட்டுக்கோட்டைக்கு ஒரு பக்கம் என்று தனித்தனியாக வைத்திருந்தால், அடுத்த முறை அங்கே இறங்கும்போது காற்றும் ஜெட்டும் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதற்கு அந்த நோட்டைத் திறந்தால் போதும்.